கொடுமை செய்தவனுக்குக் கை கொடுத்த பெண்மணி

1947-ம் ஆண்டு.

ஜெர்மனி நாட்டில் உள்ள மூனிச் நகரம். அங்கே ஒரு கிறிஸ்தவ ஆலயம். பிரசங்கம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஜனங்கள் பேசாமல் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவராக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

பிரசங்கம் செய்தவர் ஒரு பெண்மணி. வயது 55. ஹாலந்து நாட்டைச் சேர்ந்தவர். கடவுள் மன்னிக்கிறார் என்பதுதான் அன்று அவர் பேசிய விஷயம்.

கூட்டத்துக்கு எதிர்த் திசையில் ஒரு மனிதர் முன்னே வந்தார். கனத்த சரீரம். சாம்பல் நிறக் கோட்டு. கையிலே ஒரு தொப்பி.

அவரைக் கண்டதும் அந்தப் பெண்மணியின் ரத்தம் உறைந்துவிட்டது!

அவர் கண்ணுக்கு அந்தக் கோட்டு தெரியவில்லை. ராணுவச் சட்டை தெரிந்தது. மண்டை ஓட்டுச் சின்னம் பொறித்த தொப்பி தெரிந்தது. பெரிய கூடம் ஒன்று தெரிந்தது. அந்தக் கூடத்தின் நடுவே குவிந்து கிடந்த துணிகளும் செருப்புகளும் தெரிந்தன. உடுத்த துணி இல்லாமல், எலும்பும் தோலுமாக, கூனிக் குறுகி நடந்து போன தம் அக்காள் தெரிந்தாள்.

அந்த மனிதன் வேறு யாரும் அல்ல. ராவன்ஸ்புருக் சித்திரவதை முகாமில் காவலனாக இருந்தவன். பெண்களை அவமானப்படுத்தி வரிசையாக நடக்க வைத்த இடத்தில் நின்றவன்.

அவன் இப்போது கையை நீட்டினான். மன்னிக்க வேண்டும் என்று கேட்டான்.

அந்தக் கையைப் பிடிப்பதா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு அந்தப் பெண்மணி என்ன பதில் சொன்னார் என்பதை அறிவதற்கு முன்னால், அவர் யார் என்பதை அறிய வேண்டும்.

கடிகாரக் கடை

அவர் பெயர் கோரி டென் பூம். 1892-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி பிறந்தார்.

ஹாலந்து நாட்டில் ஹார்லம் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. தலைநகரான ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கம். அங்கே குறுகலான தெரு ஒன்றில், கோரியின் பாட்டனார் 1837-ம் ஆண்டில் ஒரு கடிகாரக் கடை திறந்தார். கீழே கடை. மேலே வீடு.

பாட்டனாருக்குப் பிறகு, தகப்பனார் காஸ்பர் கடையை நடத்தினார். வெண்தாடி வைத்த பெரியவர். ஊர் முழுவதும் அவரை அறியும். கடிகாரம் ரிப்பேர் செய்வதில் வல்லவர். பணம் கேட்டு வாங்குவதில் அவ்வளவு வல்லவர் அல்ல! வாரந்தோறும் ரெயில் ஏறி ஆம்ஸ்டர்டாம் போவார். அங்கே சரியான நேரம் பார்த்துத் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு வருவார். ஒரு விநாடி தவறுவதும் அவருக்குப் பிடிக்காது.

வேலை தொடங்குமுன் வீட்டாரும் வேலையாட்களும் ஒன்றாக உட்காருவார்கள். காஸ்பர் பைபிள் படிப்பார். படுக்கப் போகுமுன் மறுபடியும் படிப்பார். ஒரு நாளும் தவறாது.

கோரிக்கு இரண்டு அக்காமார், ஓர் அண்ணன். மூத்தவர் பெட்ஸி. சிறு வயதிலிருந்தே நோயாளி. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோரியும் செய்துகொள்ளவில்லை. பெட்ஸி வீட்டைப் பார்த்துக்கொண்டார். கோரி கடையில் உட்கார்ந்தார். தகப்பனாரிடமே தொழில் கற்றார். 1922-ம் ஆண்டு, கடிகாரம் பழுது பார்க்க லைசென்ஸ் பெற்றார். ஹாலந்து நாட்டில் அந்த லைசென்ஸ் பெற்ற முதல் பெண் அவர்தான்.

ஓய்வு நேரத்தில் ஏழைப் பெண்களுக்குச் சங்கம் நடத்தினார். மூளை வளர்ச்சி குன்றியவர்களைக் கூட்டி வைத்து, அவர்களுக்குப் புரியும்படி கடவுளைப் பற்றிச் சொன்னார்.

இப்படியே 48 வயது வரை வாழ்க்கை ஓடியது. பெரிய காரியம் எதுவும் நடக்கவில்லை. நடக்கும் என்று அவர் நினைக்கவும் இல்லை.

ரெயில் டிக்கெட்

கோரி சிறு பெண்ணாக இருந்தபோது ஒரு சம்பவம்.

பக்கத்தில் ஒரு வீட்டில் ஒரு குழந்தை இறந்துவிட்டது. கோரி அதைப் பார்த்துவிட்டாள். அன்று இரவு தகப்பனார் படுக்கைக்கு அருகே வந்ததும் ஓவென்று அழுதாள். அப்பா செத்துப்போகக் கூடாது, தன்னால் தாங்க முடியாது என்றாள்.

காஸ்பர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நாம் இரண்டு பேரும் ஆம்ஸ்டர்டாம் போகிறோமே, உன் டிக்கெட்டை நான் எப்போது உன் கையில் கொடுக்கிறேன் என்று கேட்டார்.

ரெயில் ஏறுவதற்குச் சற்று முன்பு என்றாள் கோரி.

அதே மாதிரிதான் கடவுளும். தேவைப்படும் பலம் தேவைப்படும் நேரத்தில் கைக்கு வந்து சேரும். அதற்கு முன்னால் ஓடிப்போய்த் தேட வேண்டாம் என்று அவர் விளக்கினார்.

நம்பிக்கை என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை. கோரி இதை மறக்கவில்லை. இந்த டிக்கெட் கதை வெகு காலம் கழித்து அவருக்குத் துணை நின்றது.

ஹிட்லர் படை வந்தது

1940-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி. ஹிட்லரின் படை ஹாலந்துக்குள் புகுந்தது. ஐந்து நாளில் ஹாலந்து பணிந்துவிட்டது.

முதலில் பெரிய மாறுதல் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. யூதர்களின் கடைக் கண்ணாடியில் கல் விழுந்தது. பூங்காவுக்கு யூதர்கள் வரக் கூடாது என்று பலகை தொங்கியது. 1942-ம் ஆண்டு மே மாதம் முதல் ஒவ்வொரு யூதரும் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு ஆட்களையே பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஹாலந்தில் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள்.

காஸ்பர் குடும்பத்துக்கு யூதர்களிடம் பழைய பாசம் உண்டு. யூத மக்களுக்காக ஜெபம் செய்யும் கூட்டம் ஒன்றைக் கோரியின் பாட்டனார் 1844-ம் ஆண்டிலேயே அந்த வீட்டில் ஆரம்பித்திருந்தார். அந்த மக்கள் தெருவில் விரட்டப்படும்போது கதவைச் சாத்திக்கொள்வது எப்படி?

ஒரு நாள் இரவு கதவு தட்டும் ஓசை கேட்டது. கையில் ஒரு பெட்டியோடு ஒரு யூதப் பெண் நின்றாள். வீட்டுக்குத் திரும்ப முடியாது, போலீஸ் வந்துவிடும் என்றாள். காஸ்பர் யோசிக்கவில்லை. உள்ளே வரச் சொன்னார். இரண்டு நாள் கழித்து இன்னும் இருவர் வந்தார்கள். பிறகு வந்துகொண்டே இருந்தார்கள்.

நூறு ரேஷன் கார்டு

அடைக்கலம் கொடுத்தாகிவிட்டது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அரிசி பருப்பு மாதிரி, அங்கே ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன் கார்டு வேண்டும். யூதருக்கு ரேஷன் கார்டு கிடையாது.

உணவு இலாகாவில் வேலை பார்த்த ஒருவரைக் கோரிக்குத் தெரியும். அவருடைய மகள் மூளை வளர்ச்சி குன்றியவள். கோரியிடம் பாடம் கேட்டவள். அந்தத் தகப்பனைத் தேடிக் கோரி போனார். ஐந்து கார்டு கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனார். எத்தனை வேண்டும் என்று அவர் கேட்டபோது, நூறு என்று வாயில் வந்துவிட்டது!

நூறு கார்டும் கிடைத்தன. மாதா மாதம் கிடைத்தன.

கடையிலே தனிப் பாஷை உருவாயிற்று. கடிகாரம் என்றால் ஆள் என்று அர்த்தம். பழுது பார்க்க முடியாத கடிகாரம் ஒன்று வந்திருக்கிறது என்று டெலிபோனில் சொன்னால், மறைத்து வைக்கக் கஷ்டமான ஆள் வந்திருக்கிறார் என்று அர்த்தம். போலீசார் ஒட்டுக் கேட்டாலும், கடிகாரக் கடையில் கடிகாரத்தைப் பற்றிப் பேசுவதில் என்ன தப்பு?

சுவருக்குள் சுவர்

வீட்டின் மேல் மாடியில் கோரியின் படுக்கை அறை. அதன் கோடியில் செங்கல்லால் ஒரு பொய்ச் சுவர் எழுப்பினார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் சிறிது சிறிதாக, யாரும் சந்தேகப்படாதபடி வந்து சேர்ந்தன. புதுச் சுவருக்குப் பழைய சுவர் போலவே அழுக்கும் கறையும் பூசினார்கள். சுவருக்கு முன்னால் துணி அலமாரி. அலமாரியின் அடித்தட்டில் சிறு பலகை. அதைத் தூக்கினால் ஓர் ஆள் தவழ்ந்து உள்ளே போகலாம்.

உள்ளே இருந்த அகலம் சுமார் இரண்டரை அடி.

ஆபத்து மணி ஒன்றும் வைத்தார்கள். மணி அடித்தால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் தட்டை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். தூங்குகிறவர் மெத்தையைப் புரட்டிப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஏன் தெரியுமா? மெத்தையில் உடம்புச் சூடு இருந்தால், தடவிப் பார்க்கும் போலீஸ்காரன் கண்டுபிடித்துவிடுவான்!

திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார்கள்.

பிடிபட்டார்கள்

1944-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி. கோரி கடும் ஜுரத்தில் படுத்திருந்தார். ஓர் ஆள் வந்திருக்கிறார், அவசரம் என்றார்கள். எழுந்து போனார்.

தன் மனைவி போலீசில் சிக்கிவிட்டாள், காவலருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும் என்று கெஞ்சினான் அந்த ஆள். கோரி அவன் முகத்தைப் பார்த்தார். அவன் இவர் கண்ணைப் பார்க்கவில்லை. இருந்தாலும் இரக்கம் வென்றது. பணத்துக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

சற்று நேரத்தில் ஆபத்து மணி அடித்தது. இந்தத் தடவை ஒத்திகை அல்ல!

ஆறு பேர் அவர் கட்டிலைத் தாண்டி ஓடி, அலமாரிக்குள் தவழ்ந்து மறைந்தார்கள். பலகை விழுந்தது. அடுத்த கணம் அறையில் போலீஸ்காரன் நின்றான்.

யூதர்கள் எங்கே என்று கேட்டுக் கோரியை அறைந்தார்கள். பெட்ஸியையும் அறைந்தார்கள். இருவரும் வாய் திறக்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். கதவை உடைத்துப் பார்த்தார்கள். ரகசிய அறை மட்டும் அகப்படவில்லை.

பணம் கேட்டு வந்தவன் காட்டிக்கொடுக்க வந்தவன். அன்று வீட்டுக்கு வந்து போனவர்கள் எல்லோரும் சிக்கினார்கள். சுமார் 30 பேர் கைதானார்கள்.

சுவருக்குள் இருந்த ஆறு பேரும் சோறு தண்ணீர் இல்லாமல் சுமார் இரண்டு நாள் நின்றார்கள். பிறகு, நல்ல மனம் கொண்ட உள்ளூர்ப் போலீசார் இருவர் காவலுக்கு வந்த சமயத்தில் அவர்கள் தப்பவைக்கப்பட்டார்கள்.

84 வயதுத் தகப்பன்

சிறைச்சாலையில் காஸ்பரைப் பார்த்த ஓர் அதிகாரிக்கே மனம் இளகிவிட்டது. இனிமேல் தொந்தரவு தருவதில்லை என்று சொல்லிவிட்டால் வீட்டுக்கு அனுப்புகிறேன், உம் கட்டிலிலேயே சாகலாம் என்றான்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனால், நாளைக்கு உதவி கேட்டு வருகிற எவருக்கும் மறுபடியும் கதவைத் திறப்பேன் என்று பெரியவர் பதில் சொன்னார்.

அதோடு வரிசையில் போய் நின்றுகொண்டார். பத்து நாளில் இறந்துபோனார்.

தகப்பன் இறந்த செய்தி கோரிக்கு உடனே தெரியாது. அவர் தனிச் சிறையில் கிடந்தார். பேச ஆள் இல்லை. சுவர் இடுக்கில் வந்து போகும் எறும்புகள்தான் துணை.

ஒரு நாள் வீட்டிலிருந்து ஒரு பார்சல் வந்தது. வெளியே இருந்த இன்னோர் அக்காள் நோலி அனுப்பியது. அதன் மேல் விலாசம் கோணலாக, தபால் தலையை நோக்கி எழுதியிருந்தது. கோரிக்குப் பொறி தட்டியது. தபால் தலையை நனைத்து எடுத்தார். அதன் அடியில் பொடி எழுத்து. அலமாரியில் இருந்த கடிகாரங்கள் எல்லாம் பத்திரம் என்று செய்தி!

ஆறு பேரும் பிழைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கோரி விம்மி விம்மி அழுதார்.

அக்காளின் ஜெபம்

சில மாதங்களுக்குப் பிறகு, வேறொரு முகாமில் அக்காளும் தங்கையும் ஒன்று சேர்ந்தார்கள். காட்டிக்கொடுத்தவன் இன்னான் என்ற விஷயம் அங்கேதான் தெரிந்தது.

கோரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் எதிரே வந்தால் கொன்றுவிடுவேன் என்று தோன்றியது. ராத்திரி தூக்கம் இல்லை. பக்கத்தில் பெட்ஸி நிம்மதியாக இருந்தார்.

அவன் மேல் உனக்குக் கோபமே இல்லையா என்று கோரி கேட்டார். அவன் மனசு இப்போது எவ்வளவு வேதனைப்படும் என்று எண்ணி அவனுக்காக ஜெபம் செய்கிறேன் என்றார் பெட்ஸி.

கோரிக்குச் சுரீர் என்றது. அவன் காட்டிக்கொடுத்தான், நான் மனசுக்குள் அவனைக் கொலை செய்தேன். கடவுள் முன்னால் இரண்டு பேரும் குற்றவாளிகள்தானே! அன்று இரவு அவனை மன்னித்து ஜெபம் செய்த பிறகே அவருக்குத் தூக்கம் வந்தது. போர் முடிந்ததும், அவனை மன்னித்துவிட்டதாக அவனுக்குக் கடிதமும் எழுதினார்.

தெள்ளுப்பூச்சிக்கும் நன்றி!

1944-ம் ஆண்டு செப்டம்பரில் இருவரையும் ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். சரக்கு வண்டியில் ஆடு மாடு மாதிரி அடைத்துக் கொண்டுபோனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ராவன்ஸ்புருக். பெர்லினுக்கு வடக்கே பெண்களுக்கென்றே அமைத்த முகாம். 1939 முதல் 1945 வரை 1 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே அடைபட்டார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

வாசலில் எல்லோரையும் சோதித்தார்கள். கோரி ஒரு சிறு பைபிளை உடுப்புக்குள் மறைத்திருந்தார். முன்னால் நின்ற பெண்ணைச் சோதித்தார்கள். பின்னால் நின்ற பெட்ஸியைச் சோதித்தார்கள். கோரியின் மேல் மட்டும் கை படவில்லை!

அவர்களை அடைத்தது 28-வது கொட்டகை. படுக்க வைக்கோல். அந்த வைக்கோல் முழுவதும் தெள்ளுப்பூச்சி. கடி தாங்காமல் கோரி துள்ளி எழுந்தார்.

எல்லாவற்றுக்காகவும் நன்றி சொல்ல வேண்டும் என்று பைபிளில் இருக்கிறதே, ஆகவே நன்றி சொல்வோம் என்றார் பெட்ஸி. இருவரும் ஒரே இடத்தில் இருப்பதற்காக நன்றி சொன்னார். பைபிள் தப்பியதற்காக நன்றி சொன்னார். தெள்ளுப்பூச்சிக்காகவும் நன்றி சொன்னார்!

தெள்ளுப்பூச்சிக்கு நன்றியா? இந்தத் தடவை அக்காள் சொல்வது தப்பு என்று கோரி நிச்சயமாக நினைத்தார்.

ஆனால் ஓர் அதிசயம். முகாம் முழுவதும் காவலர் கண் கொத்திப் பாம்பாகத் திரிந்தார்கள். 28-வது கொட்டகையின் உட்பகுதிக்கு மட்டும் யாரும் வருவதில்லை. அதனால் அங்கே தைரியமாகப் பைபிளைத் திறக்க முடிந்தது. காரணம் என்ன என்பது பின்னால்தான் தெரிந்தது. தெள்ளுப்பூச்சிக்குப் பயந்து எந்தக் காவல்காரியும் உள்ளே கால் வைக்கவில்லை!

நோயாளி தலைவரானார்

மங்கலான விளக்கு. அதன் அடியில் பெண்கள் நெருக்கி உட்காருவார்கள். கோரியோ பெட்ஸியோ டச்சுப் பைபிளில் படித்து, ஜெர்மன் மொழியில் சொல்வார்கள். அதை ஒருத்தி பிரெஞ்சில் சொல்வாள். இன்னொருத்தி போலிஷ் மொழியில் சொல்வாள். ரஷ்ய மொழியிலும் செக் மொழியிலும் அது காதோடு காதாகப் போகும். கத்தோலிக்கர், லூத்தரன், கீழைச் சபையார் என்ற பேதம் அங்கே இல்லை.

வந்த புதிதில் அந்தக் கொட்டகையில் ஓயாத சண்டை. இடத்துக்குச் சண்டை, போர்வைக்குச் சண்டை. நாளாக நாளாக ஒருத்திக்கு ஒருத்தி விட்டுக்கொடுக்க ஆரம்பித்தாள்.

இந்த மாறுதலுக்குக் காரணம் யார்? பெட்ஸிதான். அவருக்குப் பதவி கிடையாது. உடம்பில் பலம் கிடையாது. உரத்துப் பேசக்கூட ஜீவன் கிடையாது. ஆனாலும் மற்றவர்கள் அவர் பின்னே நடந்தார்கள். ஏன் என்றால், தனக்கு இல்லாததைப் பற்றி அவர் பேசவில்லை. பக்கத்தில் இருப்பவளுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தார். பிறரை நடத்துகிறவர்கள் முன்னால் நின்று சத்தம் போட வேண்டும் என்பது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தாலும் போதும்.

ஒரு நாள் மண் சுமக்கும் வேலை. பெட்ஸியால் ஒரு கை மண்ணுக்கு மேல் தூக்க முடியவில்லை. காவல்காரி சாட்டையால் அடித்தாள். ரத்தம் வந்தது. கோரி மண்வெட்டியோடு பாய்ந்தார். பெட்ஸி குறுக்கே வந்து தடுத்தார். காயத்தைக் கையால் மூடிக்கொண்டு, இதைப் பார்க்காதே, இயேசுவைப் பார் என்றார்.

1944-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி பெட்ஸி இறந்தார். வயது 59.

இறப்பதற்கு முன்னால் தங்கையிடம் ஒரு விஷயம் சொன்னார். நாம் வெளியே போனதும் ஒரு பெரிய வீடு எடுக்க வேண்டும். முகாமில் நொந்துபோனவர்கள் அங்கே தோட்டம் போட்டு மனசு தேற வேண்டும். கொடுமை செய்த ஜெர்மானியருக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். வெறுக்கப் பழகியவர்களுக்கு அன்பு கற்றுக்கொடுக்க வேண்டும். இதுதான் அவர் சொன்னது.

பெட்ஸி இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கோரிக்கு விடுதலை! குமாஸ்தா ஒருவரின் கைப்பிசகால் அவர் பெயர் விடுதலைப் பட்டியலில் ஏறிவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. அடுத்து சில நாட்களில், அவர் வயதுப் பெண்களை முகாமில் கொன்றுவிட்டார்கள்.

கையை நீட்டினார்

1945-ல் போர் முடிந்தது. ஹார்லமுக்குப் பக்கத்தில் புளூமெண்டால் என்ற ஊரில் ஒரு சீமாட்டி தம் பெரிய மாளிகையைக் கொடுத்தார். முகாம்களில் இருந்து வந்தவர்கள் அங்கே சேர்ந்தார்கள். கோரி ஒன்றைக் கண்டார். தமக்குக் கொடுமை செய்தவர்களை மன்னிக்க முடிந்தவர்கள், கை கால் போயிருந்தாலும் புது வாழ்வு தொடங்கினார்கள். பகையை வளர்த்தவர்கள் நோயாளியாகவே இருந்தார்கள்.

அக்காள் சொன்னதை நிறைவேற்ற அவர் ஜெர்மனிக்கும் போனார். ஊர் ஊராக மன்னிப்பைப் பற்றிப் பேசினார்.

அப்படிப் போன இடத்தில்தான், மூனிச் நகர ஆலயத்தில், அந்த மனிதன் வந்து கையை நீட்டினான்.

அவனுக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான கைதிகளில் இவர் ஒருவர். தான் இப்போது கிறிஸ்தவனாகிவிட்டதாகவும், கடவுள் தன்னை மன்னித்துவிட்டதாக நம்புவதாகவும் சொன்னான். ஆனாலும் அவர் வாயால் அதைக் கேட்க வேண்டும் என்றான்.

கோரியின் கை எழும்பவில்லை. சற்று முன்புதான் மன்னிப்பைப் பற்றி அழகாகப் பேசியிருந்தார்! இப்போது கைப்பையைத் தடவிக்கொண்டு நின்றார். பெட்ஸியின் மரணம் கண் முன் நின்றது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அது அழிந்துவிடுமா?

பிறரை மன்னிக்காதவரைப் பரலோகத் தந்தையும் மன்னிக்கமாட்டார் என்று இயேசுநாதர் சொன்னது அவருக்குத் தெரியும். மன்னிப்பு என்பது மனசின் ஆசை அல்ல, அது ஒரு தீர்மானம் என்பதும் தெரியும். மனம் குளிர்ந்து கல்லாக இருந்தாலும் கை நீட்டலாம் அல்லவா?

தன்னால் கையைத்தான் நீட்ட முடியும், அன்பைக் கடவுள்தான் தர வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். மரக்கட்டை மாதிரி கையை நீட்டினார். அவன் கையைப் பிடித்தார்.

அந்தக் கணத்தில் தோளிலிருந்து கை வழியாக ஏதோ சூடாக ஓடியது என்றும், மனசு நிறைந்து கண்ணீர் வந்தது என்றும் அவர் பிற்காலத்தில் எழுதினார். பழைய காவலரும் பழைய கைதியும் வெகு நேரம் கையைப் பிடித்தபடி நின்றார்கள்.

சிறு வயதில் தகப்பனார் சொன்ன டிக்கெட், ரெயில் ஏறும் நேரத்தில் கைக்கு வந்து சேர்ந்தது!

நண்பரை மன்னிப்பது கடினம்

கதை இத்துடன் முடிந்தால் கோரி நமக்கு எட்டாத உயரத்தில் இருப்பார். ஆனால் அவர் தம் குறையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

வெகு காலம் கழித்து, தெரிந்த நண்பர்கள் சிலர் அவருக்கு ஒரு தீங்கு செய்தார்கள். முகாமில் நடந்த கொடுமைக்கு முன்னால் இது தூசி. ஆனால் ராத்திரி முழுவதும் அதே நினைப்பு. மன்னித்துவிட்டேன் என்று சொல்வார். மறுபடியும் நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, பல்லைக் கடிப்பார். இரண்டு வாரம் தூக்கம் இல்லை.

ஒரு பாதிரியாரிடம் சொன்னார். அவர் ஜன்னல் வழியாக ஆலய மணிக் கூண்டைக் காட்டினார். கயிற்றை இழுத்தால் மணி அடிக்கிறது. கயிற்றை விட்ட பிறகும் உடனே நிற்பதில்லை. டாண் டாண் என்று இன்னும் சில தடவை அடிக்கிறது. ஓசை குறைந்து குறைந்து கடைசியில் நிற்கிறது. மன்னிப்பதும் அப்படித்தான். கயிற்றை விட்டுவிட்டாய் அல்லவா? மணி இன்னும் சிறிது ஆடும், பயப்படாதே என்றார்.

அப்படியே நடந்தது.

இன்னொரு தடவை இதைவிட வேடிக்கை. அந்த நண்பர்கள் தப்பை ஒப்புக்கொள்ளவே இல்லை, ஆனால் என்னிடம் அத்தாட்சி இருக்கிறது, அவர்கள் எழுதிய கடிதத்தை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று ஒருவரிடம் பெருமையாகச் சொன்னார். சொன்னதும் வெட்கமாகிவிட்டது. உங்கள் பாவத்தைக் கடவுள் கடலில் எறிந்துவிட்டார் என்று ஊருக்குச் சொல்கிற நான், நண்பரின் பாவத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேனே! கடிதங்களை எடுத்தார். நெருப்பில் போட்டார்.

கடைசிக் காலம்

60-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கோரி போனார். 1967-ல் இஸ்ரேல் நாடு அவரைக் கௌரவித்தது. யூதரைக் காப்பாற்றிய பிற மதத்தாருக்குக் கொடுக்கும் உயர்ந்த கௌரவம் அது. 1971-ல் அவர் வரலாறு ‘மறைவிடம்’ என்ற பொருள்படும் பெயரில் புத்தகமாக வந்தது. 1975-ல் சினிமாப் படமாகவும் வந்தது.

1978-ல் பக்கவாதம் தாக்கியது. உலகம் சுற்றிப் பேசிய வாய்க்குப் பேச்சு நின்றது. ஐந்து ஆண்டு அப்படியே இருந்தார். 1983-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி, தம் 91-வது பிறந்த நாள் அன்று, அமெரிக்காவில் காலமானார்.

ஹார்லமில் அந்தக் கடிகாரக் கடை வீடு 1988 முதல் காட்சிசாலையாக இருக்கிறது. கோரியின் அறையில் அந்தப் பொய்ச் சுவரை ஓரிடத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் இரண்டரை அடி இடத்தைப் பார்க்கலாம்.

சித்திரவதை முகாம் எல்லோருக்கும் வராது. ஆனால் சொத்துப் பங்கில் ஏமாற்றிய அண்ணன் உண்டு. கல்யாணத்துக்கு அழைக்காத மைத்துனி உண்டு. பத்து வருடத்துக்கு முன்னால் பேசிய ஒரு வார்த்தை உண்டு. பெட்டியில் பூட்டிய கடிதம் இல்லாத வீடு எது?

அந்தப் பெட்டியின் சாவி வேறு யாரிடமும் இல்லை. பூட்டியவர் கையிலேயே இருக்கிறது.